ஆணியில் தொங்கிய நோட்டு

என் அக்கா மகளுக்கு இடது காது கேட்காது. பிறவிக் கோளாறு இல்லை. பதினாலாவது வயதில், ஒரு சளிக்காய்ச்சலுக்குப் பிறகு நாலைந்து நாளில் போன காது. அது போனது எங்களுக்குத் தெரிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. அத்தனை நாளும் அவளுடைய அப்பா, அம்மா, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வந்துவிடும் தாய்மாமனான நான் என்று மூன்று பேர், ஆளுக்கு இரண்டு நல்ல காதுகளை வைத்துக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

யார் தப்பு என்று கேட்டால் அத்தான் யோசிக்காமல் தன் நெஞ்சில் கைவைப்பார். எனக்கு அவரை இருபது வருஷமாகத் தெரியும். நல்ல மனிதர் செய்த தப்பைச் சொல்வதுதான் கஷ்டம். கெட்டவன் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

அத்தான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். நான் அவருக்குக் கீழே மெக்கானிக். அக்காவைக் கட்டிய கையோடு என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். அதற்காக மச்சினன் என்று ஒரு சலுகை காட்டியவரில்லை. ஒரு தடவை கிரீஸ் டப்பாவை மூடாமல் வைத்ததற்கு எல்லோர் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, அன்றைக்கே வீட்டில் எனக்கு இரண்டாவது தடவை சோறு போடச் சொன்னார்.

எங்கள் வேலைக்கு ஒரு சீட்டு உண்டு. நடுவில் கோடு போட்டு இடது பக்கம் 'குறை', வலது பக்கம் 'செய்த வேலை'. குறை காலையிலேயே போனில் வந்துவிடும். அத்தானே அதைக் கேட்டு, எந்தக் கட்டிடம், எந்த மாடி, என்ன சத்தம் என்று எங்களிடம் சொல்லித்தான் அனுப்புவார். அதனால் சாயங்காலம் சீட்டுகள் திரும்பி வரும்போது இடது பக்கத்தில் அவருக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. வலது பக்கத்தை மட்டும் பார்ப்பார். காலியாக இருந்தால் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம், கீழே சின்னதாகக் கையெழுத்து, சீட்டு திரும்பிப் பறக்கும். எழுதியிருந்தால் ஒரு டிக். வேலை மனசுக்குப் பிடித்திருந்தால் 'நன்று'. எண்பது சீட்டைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே சிவப்புப் பேனா. அது அவருக்கும் தெரியும். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து, "இருக்கு, இருக்கு" என்பார்.

புதிதாகச் சேருகிற பையன்களுக்கு முதல் நாளே அவர் சொல்வது ஒன்றுதான்.

"பிரச்சினையை மட்டும் தூக்கிட்டு வராதே. கூடவே ஒரு தீர்வையும் தூக்கிட்டு வா. தப்பா இருந்தாக்கூடப் பரவாயில்ல."

நல்ல பாடம்தான். அதனால் உருப்பட்டவர்களில் நானும் ஒருவன். சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து அந்தப் பாடத்தையும் அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனதுதான் வினையாகிவிட்டது.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அத்தான் பிறந்து வளர்ந்தது ஒரு கத்தல் வீடு. ஒரு குழாய் ஒழுகினால் ஆறு பேரும் யார் சரியாக மூடவில்லை என்று கத்துவார்களாம். கத்தி முடித்ததும் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒரு மாசம் பார்த்துவிட்டு, பதினோரு வயதில் இவரே ஒரு கிழிசல் துணியைச் சுற்றிக் கட்டி நிறுத்தியிருக்கிறார்.

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் மாப்ளே. என் வீட்ல ஒருத்தரும் கத்தக் கூடாது. என் பொண்ணு கத்தல் கேட்டு வளரக் கூடாது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

ஆக, அந்த நோட்டு பாசத்தில் பிறந்த நோட்டு. இதை நான் அடித்துச் சொல்வேன்.

நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, இடது பக்கம் 'பிரச்சினை', வலது பக்கம் 'தீர்வு' என்று எழுதி, சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியடித்துச் சணல் கயிற்றில் தொங்கவிட்டார். கூடவே ஒரு பென்சில். அப்போது அக்கா மகள் பட்டாணிக்கு எட்டு வயது. குண்டாக, உருண்டையாக இருந்ததால் அவளுக்கு நான் வைத்த பெயர் அது. வளர்ந்து ஒல்லியான பிறகும் பெயர் மட்டும் உருண்டையாகவே இருந்துவிட்டது.

சாயங்காலம் அத்தான் முகம் கழுவிவிட்டு வந்து ஆணியிலிருந்து நோட்டை எடுப்பார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வரும்.

"உங்களுக்கு ஆபீஸ் இன்னும் விடலையா?" என்பாள் அக்கா.

அவருக்கு அது காதில் விழாது. பட்டாணி பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பாள். 'பென்சில் பாக்ஸ் மூடி உடைஞ்சிருச்சு' என்று இடது பக்கம். 'ரப்பர் பேண்ட் போட்டாச்சு' என்று வலது பக்கம். டிக். நன்று. அந்த 'நன்று'வுக்காக அவள் ஒரு குதி குதிப்பாள் பாருங்கள், எனக்கே அந்த நோட்டின் மேல் ஆசை வந்துவிடும். இன்னொரு நாள், 'என் ஃப்ரெண்டு என்கூடப் பேச மாட்டேங்கறா' என்று எழுதி, எதிரே 'நானும் பேச மாட்டேன்' என்று எழுதியிருந்தாள். அதற்கும் டிக். அந்தத் தோழி பிறகு பேசினாளா, இவள் எத்தனை நாள் தனியாகச் சாப்பிட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. வலது பக்கம்தான் நிரம்பியிருந்ததே.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை பால் எங்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அழவேண்டும். இதை நான் அத்தானிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரும் சிரித்தார்.

இன்னொரு சிரிப்பும் உண்டு. ஒருநாள் அக்கா அவரைச் சோதிக்க வேண்டுமென்றே எழுதினாள். 'பிரச்சினை: வீட்டுக்காரர். தீர்வு: பொறுத்துக்கொள்வது.' சாயங்காலம் அவர் வழக்கம்போல நோட்டை எடுத்தார். பேனா ஓடியது. டிக். நன்று. அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பட்டாணி தரையில் உருண்டாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எனக்கு மூக்கில் ஏறி இருமல் வந்தது. அவர் மறுபடி படித்துப் பார்த்து வெட்கப்பட்டார். அவர் இடது பக்கத்தைப் படிப்பதே இல்லை என்று அன்றைக்கே மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. நாங்கள் அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

இதே மனிதரை நீங்கள் லிஃப்ட் வாசலில் பார்த்திருக்க வேண்டும்.

பட்டாணிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் எங்களோடு வேலைக்கு வந்தாள். அன்றைக்கு ஒரு பழைய கட்டிடத்தில் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே ஓர் அம்மாள் மாட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. மேலே மெஷின் ரூமில் நான் பிரேக்கைப் பார்க்கப் போய்விட்டேன்; கீழே நடந்ததைப் பட்டாணி பிறகு சொன்னாள். அத்தான் நாலாவது மாடிக் கதவுக்கு முன்னால் சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பயந்தவர்கள் உள்ளே தரையில்தான் உட்கார்ந்திருப்பார்களாம், நம் குரலும் கீழேயிருந்து போக வேண்டுமாம்.

"அம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று கேட்கவில்லை. இன்னும் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று பொய் சொல்லவில்லை. பையில் என்ன வாங்கிவந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வெங்காயம் என்றார் அந்த அம்மாள். என்ன விலை, எந்தக் கடை, அழுகல் இல்லாமல் பொறுக்கிப் போடுகிறானா என்று போயிற்று பேச்சு. நடுநடுவே பேச்சு நின்றால், "நான் இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்வார். முக்கால் மணி நேரம். வேலை முடிந்து நான் இறங்கி வந்தபோது, கதவு சாவியைக் கையில் வைத்துக்கொண்டே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் வேலையில் அது கண்டிப்பான விதி. உள்ளே இருப்பவர் பதற்றமாக இருக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது. பெட்டி இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும்போது, பயத்தில் ஓர் அடி தப்பாக வைத்தால் குழிக்குள் போய்விடுவார்கள். அவர்களாகவே "திறங்க" என்று நிதானமாகச் சொல்லும்வரை காத்திருப்பார்.

திரும்பி வரும்போது பட்டாணி கேட்டாள். "அப்பா, அவங்ககிட்ட ஏன் தீர்வு கேக்கல?"

அத்தான் சிரித்துவிட்டார். "அவங்க மாட்டிக்கிட்டு இருக்காங்கம்மா. மாட்டிக்கிட்டவங்ககிட்ட யாராச்சும் தீர்வு கேப்பாங்களா?"

அவள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். குழந்தைதானே, வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

பதினாலாவது வயதில் அந்தக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் போய்விட்டது. நான்காம் நாள் பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு சில சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

சாப்பாட்டு மேசையில் அத்தானின் வலது கைப்பக்கம் அவள் இடம். நாற்காலியில் முழங்கால் போட்டு ஏறிய வயதிலிருந்து அதுதான். ஒருநாள் தட்டை எடுத்துக்கொண்டு மேசையின் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். அதன்பிறகு அங்கேதான். அங்கே உட்கார்ந்தால் எல்லோரும் அவளுக்கு வலது பக்கத்தில் இருப்பார்கள். இதை நான் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

"வளர்ந்துட்டா. அப்பா பக்கத்துல உக்கார மாட்டேங்கறா" என்றார் அத்தான் என்னிடம். சிரித்துக்கொண்டு சொன்னாலும் முகம் வாடியிருந்தது. ஏன் மாறினாய் என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு அவள் ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் என்று பிறகு சொன்னார்.

அக்காவுக்கு வேறு குறை. "கூப்பிட்டா திரும்பறதில்லடா. நாலு தரம் கத்தணும். வயசு, வேறென்ன? திமிரு."

வயசு என்பது எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்துகிற மூடி. பிள்ளை பேசாவிட்டாலும் வயசு, அதிகம் பேசினாலும் வயசு. மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் போனால் நாலு நாற்காலியும் சாமானும் ஆளுமாக இருக்கும் என்று எனக்கு ஒரு ஸ்டூல். அதை அவள் பக்கத்தில், கோடியில் இழுத்துப் போட்டுக்கொள்வேன். அது அவளுடைய இடது பக்கம். அவள் காதோரம் குனிந்து அத்தானைக் கிண்டல் பண்ணுவது எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். 'உங்கப்பா இப்ப சோத்துக்கும் டிக் போடுவாரு பாரு' என்று கிசுகிசுப்பேன். அவள் சிரிப்பாள். சில சமயம் நான் முடிக்கும் முன்பே சிரித்துவிடுவாள். என் நகைச்சுவையைப் பற்றி எனக்கு அப்போது நல்ல அபிப்பிராயம் இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிறு. அந்த வாரம்தான் டாக்டர் எனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லியிருந்தார். அக்காவிடம் சொன்னால் அழுவாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வழக்கம்போலக் குனிந்து, "மாமாவுக்குச் சர்க்கரை வந்திருச்சும்மா. அம்மாகிட்டச் சொல்லிடாதே" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டி, கலகலவென்று சிரித்தாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவள் கண்ணைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு கேள்வி இருந்தது. சரியான இடத்தில் சிரித்தேனா என்று என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்று, இடது காதுக்கு அருகில் அவள் பெயரை மெல்லச் சொன்னேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை சொன்னேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அத்தான் நிமிர்ந்து பார்த்தார். பட்டாணி மட்டும் பார்க்கவில்லை.

ஒன்றரை வருஷமாக அந்தப் பிள்ளை என் ஜோக் ஒன்றையும் கேட்டதில்லை. மாமா வருத்தப்படக் கூடாதென்று என் புருவத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் போனோம். கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு சின்ன அறையில் அவளை உட்காரவைத்து, காதுக்கு ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். வலது காதுக்கு டக் டக்கென்று அழுத்தினாள். பிறகு இடது காது. கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, காத்திருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அத்தான் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அசையவேயில்லை.

"ஆரம்பத்துல, ரெண்டு வாரத்துக்குள்ள கூட்டிட்டு வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர் அம்மா. "சரியாயிருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது. சில பேருக்கு ஆகும், சில பேருக்கு ஆகாது. ஆனா முயற்சி பண்ணியிருக்கலாம். இப்ப அதுக்கு வழியில்ல."

நிச்சயம் குணமாகியிருக்கும் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். எப்படியும் போயிருக்கும் என்றால் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். இந்த 'பாத்திருக்கலாம்' இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அத்தான் இன்னும் அதிலிருந்து இறங்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்துவிட்டார். அவள் முழுசாகத் திரும்பி அவர் வாயைப் பார்க்க வேண்டியிருந்தது.

"ஏம்மா சொல்லல? அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எழுதினேன்பா" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் இரண்டு மணி. அத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினார். நிரம்பிய நோட்டு ஒன்றையும் அவர் தூக்கிப் போட்டதில்லை. காய்ச்சல் வந்த வருஷத்து நோட்டைத் தேடி எடுத்துப் பக்கங்களைத் தள்ளினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

இடது பக்கம், பென்சிலில், அவள் எழுத்து. 'இடது காதுல ரெண்டு நாளா ஒரே இரைச்சல். யாரு பேசினாலும் சரியாக் கேக்கல. பயமா இருக்கு.'

வலது பக்கம் காலி. அந்தக் காலி இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே சின்னதாக அவர் கையெழுத்து.

மூன்று நாள் தள்ளி, அதே பக்கத்தின் கீழே, மறுபடி அவள் எழுத்து. இடது பக்கம்: 'காது அப்படியே இருக்கு.' வலது பக்கம்: 'கிளாஸ்ல இடது ஓரத்து பெஞ்சுக்கு மாறிட்டேன். இப்ப பரவாயில்ல.'

சிவப்பு டிக். நன்று.

ஐயோ என்று யாரும் கத்தவில்லை. அந்த வீட்டில்தான் யாரும் கத்துவதில்லையே. அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் ஒன்றுமில்லாத தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது. அவள் அழுகிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க அது அவளுடைய தீர்வு. அவளுக்கும் அந்த வீட்டில் பழகிவிட்டிருந்தது.

அத்தான் நோட்டை மூடி மேசைமேல் வைத்தார். பட்டாணியின் அறை வாசலுக்குப் போனார். கையைக் கதவுவரை கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

உள்ளேயிருந்து பதில் இல்லை. முதலில் அவர் காய்ச்சலைப் பற்றியோ நோட்டைப் பற்றியோ பேசவில்லை. அவள் தெருவில் பார்க்கும் ஒரு நொண்டி நாயைப் பற்றிக் கேட்டார். அவள் சின்ன வயசில் பென்சில் பாக்ஸுக்குப் போட்ட ரப்பர் பேண்டைப் பற்றிச் சொன்னார். தன் அப்பா வீட்டுக் குழாயைப் பற்றிச் சொன்னார். கடைசியில், "அப்பா இடது பக்கத்தைப் படிக்கலம்மா. படிச்சிருக்கணும்" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. நடுநடுவே பேச்சு நின்றால், "நான் இங்கதான் இருக்கேன்." நாலு மணிக்கு எழுந்தபோது கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கதவைத் திறந்து உள்ள போங்க அத்தான்" என்றேன்.

"அவளாச் சொல்லட்டும் மாப்ளே. பதட்டத்துல இருக்கும்போது திறக்கக் கூடாது" என்றார்.

அன்றோடு நோட்டு நின்றது. ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் சுண்ணாம்பு வைத்து அடைத்தார். ஆபீஸில் சிவப்புப் பேனாவை விட்டு நீலப் பேனாவுக்கு வந்தார். சீட்டு வந்தால் இடது பக்கத்தை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் வலது பக்கம் போகிறார். கால் மணி நேர வேலை ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. பையன்கள் பின்னால் முணுமுணுக்கிறார்கள். நான் அவர்களை ஒரு பார்வை பார்ப்பேன்.

வீட்டில் தினமும் சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வந்து அவளிடம் கேட்பார். "ஏதாச்சும் இருந்தாச் சொல்லும்மா. தீர்வெல்லாம் வேணாம். சும்மா சொல்லு."

"ஒண்ணும் இல்லப்பா" என்பாள். பொய்யில்லை. அவளிடம் உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வருவாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. எட்டு வயதிலிருந்து சொல்லிக்கொடுத்ததைப் பதினாறு வயதில் மறந்துவிடு என்றால் எப்படி மறப்பாள்? அவள் நல்ல மாணவி.

பதினெட்டு வயதில் வேறு ஊரில் மேல்படிப்பு. விண்ணப்பம் போட்டது, நேர்முகத்துக்குப் போய்வந்தது, விடுதியில் இடம் பிடித்தது எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கண்ணு" என்றாள் அக்கா.

"கேக்க என்னம்மா இருந்துச்சு? எல்லாம் சரியாயிருச்சே."

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கோபப்படுவதற்கு அதில் ஒன்றுமில்லை. நன்று என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

ரயில் ஏற்றிவிட நான்தான் போனேன். அத்தானுக்கு அன்றைக்கு ஒரு லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாக அழைப்பு வந்து ஓட வேண்டியதாயிற்று. பிளாட்பாரத்தில் அவளுடைய வலது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ரயில் வர நேரம் இருந்தது. இரண்டு வருஷமாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு மத்தியானம் அப்பா உன் ரூம் வாசல்ல பேசினாரே. ஒரு பதிலாவது சொல்லியிருக்கக் கூடாதா பட்டாணி?"

"என்னிக்கு?"

"ஆஸ்பத்திரி போய்ட்டு வந்தோமே, அன்னிக்கு. ரெண்டு மணி நேரம் தரையில உக்காந்து பேசினாரு."

அவள் என்னையே பார்த்தாள். புருவத்தைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது மாமா. நல்ல காதைத் தலகாணியில வெச்சுப் படுத்துட்டேன். அப்படிப் படுத்தா ஒண்ணுமே கேக்காது. மனசு சரியில்லன்னா அப்படித்தான் படுப்பேன்." பிறகு, "என்ன சொன்னாரு?" என்றாள்.

"நான் இங்கதான் இருக்கேன்னு சொன்னாரு."

"அந்த வெங்காயம் வாங்கின அம்மாகிட்டச் சொன்ன மாதிரியா?"

"ஆமா."

அவள் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கதவு சும்மா சாத்தித்தான் மாமா இருந்துச்சு. நான் தாழ் போடல. அவரு உள்ள வருவாருன்னு பாத்துட்டே இருந்தேன்."

ரயில் வந்தது. பெட்டியைத் தூக்கி வைத்தேன். வலது காதோரம் குனிந்து எதையோ சொல்லிச் சிரிக்கவைக்க நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

இதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. சாயங்காலம் மெஷின் ரூமிலிருந்து இறங்கி வரும்போது சில நாள் அவராகவே ஆரம்பிப்பார்.

"அன்னிக்கு அவ பதில் சொல்லாட்டியும், உள்ள கேட்டுட்டுத்தான் இருந்தா மாப்ளே. எனக்குத் தெரியும்."

"ஆமா அத்தான்" என்பேன்.